கண்மாய் அழியவில்லை

தம்பி,

நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். போன் என்றால் "ஆபீஸ்ல இருக்கேன்மா" என்று ஒரே பேச்சில் என்னை வாசலோடு அனுப்பிவிடுவாய். கடிதத்தை அப்படி அனுப்ப முடியாது. உன் மாமன் நாளைக்கு மதுரைக்கு வருகிறான். ஆனையூரில் உன் ரூமுக்கே வந்து இதைக் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் உட்காருவான், உட்காருவதில் என் தம்பியை மிஞ்ச ஆள் கிடையாது. இங்கே மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாடு முடிந்து குவாரி ஆட்கள் திரும்ப உள்ளே போய்விட்டார்கள். பாத்திரமெல்லாம் ஊறுகிறது. சாயங்கால டீக்குத் தண்ணீர் வைக்கும் வரை எனக்கு நேரம் இருக்கிறது, அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

வருகிற வியாழக்கிழமை நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போடுகிறார்கள். அதிகாரிகள் வந்து, குவாரியின் ஆயுளை இன்னும் இருபது வருடம் நீட்டிக்கலாமா என்று ஊரைக் கேட்கப் போகிறார்கள். இது உனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கம்பெனிக்காக அந்தக் கூட்டத்துக்கான அறிக்கையைத் தயார் செய்தது உன் ஆபீஸ். அதன் தமிழ்ச் சுருக்கத்தை எழுதியவன் நீ. ஆனால் நீ எழுதியதை வைத்துக்கொண்டு அந்தப் பந்தலில் என்ன நடக்கப் போகிறது என்று உனக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவதுதான்.

மாசியில் நீ சர்வேக்கு வந்தாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். ஆபீஸ் ஜீப்பில் மூன்று பேராக வந்து இறங்கினீர்கள். முந்தின நாளே சொல்லியிருந்தால் கோழி அடித்திருப்பேன். சொல்லவில்லை, எலுமிச்சம்பழச் சோறும் அப்பளமும்தான் இருந்தது. குவாரி ஆட்கள் உட்காரும் பெஞ்சிலேயே உங்களையும் உட்கார வைத்துப் பரிமாறினேன். உன்னோடு வந்த அந்தச் சென்னைப் பெண் நல்ல பிள்ளை, இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து போனை என் பக்கம் நீட்டி, பேசுவது பதிவாகும், பரவாயில்லையா என்று கேட்டது. பக்கத்தில் என் மகன் இருக்கும்போது எனக்கு என்ன பயம். தூசி எப்படி, கிணறு எப்படி, வெடிச் சத்தம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "கண்மாய் எப்படிம்மா இருக்கு? குவாரி வந்ததுல அழிஞ்சிருச்சா?" என்றது. நான் வாய்க்கு வந்தபடி சொன்னேன். "எங்கிட்டுத் தாயி அழியுது? கம்மா அழியவே இல்லயே, அது ஆச்சு அஞ்சாறு வருசம். கம்மா அழிஞ்சாத்தான ஊருக்குச் சந்தோசம்?" அந்தப் பிள்ளை ஒரு மாதிரி முழித்தது. இந்த அம்மா ஏதோ உளறுகிறது என்று நினைத்திருக்கும். நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாய். உன் உதட்டில் ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வந்ததா இல்லையா என்று இந்த நாலு நாளாக யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது.

உனக்கு எதற்கு விளக்கம், ஆனாலும் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ உன் மேலாளரிடம் காட்ட வேண்டி வந்தால் அவருக்கும் புரியட்டும். நம் பக்கம் கண்மாய் அழிவது என்றால் நாசமாய்ப் போவது இல்லை. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். அன்றைக்கு விடியும்போதே அக்கம்பக்கத்து ஊர் ஜனமெல்லாம் மீன் பிடிக்கிற ஊத்தாக் கூடையும் வலையும் கச்சா என்கிற கைவலையுமாகக் கரையில் வந்து நிற்கும். ஊர்த் தலைவரான பெரிய அம்பலம் மடை மேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசுகிற வரைக்கும் ஒரு கால் தண்ணீரில் படாது. வீசிவிட்டால் உன்னுது என்னுது கிடையாது, யார் பிடித்த மீன் அவருக்கு. அதுதான் கண்மாய் அழிவது. பிடித்த மீனை யாரும் விற்க மாட்டார்கள், கட்டிக்கொடுத்த பெண்களுக்குக் கொடுத்தனுப்புவார்கள், இல்லாத வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அன்றைக்கு ஊரில் மீன் குழம்பு கொதிக்காத அடுப்பே இருக்காது. கண்மாய் அழிகிறது என்றால் அந்த வருடம் மழை பெய்தது, தண்ணீர் வந்தது, நெல் விளைந்தது, மிச்சத் தண்ணீரில் மீனும் வளர்ந்தது என்று அர்த்தம். அழியவில்லை என்றால் அதில் எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தம். நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னது அதைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கிளார்க் அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு நம் மெஸ்ஸுக்கே வந்தார். "மதினி, ஒங்கள புத்தகத்துல போட்டிருக்காக, போண்டா இலவசமா குடுத்தாத்தான் வாசிப்பேன்" என்றார். கொடுத்தேன். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார்கள். உன் அப்பா குவாரி கேட்டில் வாட்ச்மேன் டூட்டியை விட்டுவிட்டு, யூனிபாரத்தோடு வாசலில் வந்து நின்றார். கிளார்க் கணீரென்று வாசித்தார்: "அருகிலுள்ள கண்மாய் குவாரிப் பணிகளால் அழியவில்லை என உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் தெரிவித்தார். ஊர்மக்களின் கருத்தும் இதுவே ஆகும். எனவே கழிவுக்கல் மேட்டினை வடக்கு நோக்கி விரிவுபடுத்துவதில் இடர்ப்பாடு ஏதுமில்லை."

அங்கே நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், கடைசி வரியின் ஆபீஸ் தமிழ் யார் காதிலும் ஏறவில்லை. "ஆமா, சரியாத்தான எழுதியிருக்கு, எங்க அழிஞ்சுச்சு" என்றார் ஒருவர். "நம்ம கொறைய அப்படியே எழுதிட்டாம்ல, ஊர்க்காரப் புள்ளன்னா சும்மாவா" என்றார் இன்னொருவர். உன் மாமன் பாதி வடையை வாயில் வைத்துக்கொண்டே, "மாப்ள நம்ம பக்கம் பேசிட்டான்க்கா" என்று என் தோளில் தட்டினான். நான் மட்டும் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். நான் கடைக்கு வரும் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவள். பேப்பரில் அழிந்தது என்றால் என்ன, ஆபீசில் அழிந்தது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரே வாக்கியம், ஊர் காதில் ஒன்றாக விழுகிறது, ஆபீஸ் காதில் அதற்கு நேர் எதிராக விழுகிறது. இரண்டு பேரும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார்கள். 

வடக்கே என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்முடையது ஆற்றுத் தண்ணீர் எட்டாத கண்மாய், கரட்டுக் குன்றில் பெய்கிற மழை வரத்துக்கால் என்கிற வாய்க்கால் வழியாக வந்து சேர்ந்தால்தான் உண்டு. அந்தக் கால் போகிற பாதையில்தான் குவாரிக்காரர்கள் உடைந்த கல்லையும் உதவாத கல்லையும் கொட்டிக்கொண்டே வந்தார்கள். முதலில் ஓரமாகக் கொட்டினார்கள். பிறகு ஓரம் நடுவாகிவிட்டது. மழை பெய்யாமல் இல்லை, தம்பி. போன ஐப்பசியில் எப்படிக் கொட்டியது. அந்தத் தண்ணீர் எல்லாம் கல்மேட்டில் முட்டித் திரும்பிக் குவாரிப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. அங்கே இறங்கிய தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்து ரோட்டோரச் சாக்கடையில் விடுகிறார்கள். பள்ளம் ஆழமாக ஆக நம் கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. மடைக்குக் கீழே முதல் வயல் உன் அப்பாவுடையது. முதல் தண்ணீர் பாய்கிற வயல் என்று அதைக் காட்டித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இன்றைக்கு அதில் சீமைக்கருவேலம் நிற்கிறது, வயல்காரர் குவாரி வாசலில் லாரி நம்பர் எழுதுகிறார்.

உன் அறிக்கைப்படி இன்னும் இருபது வருடம் அந்த மேடு வடக்கே போனால் வரத்துக்கால் இருந்த தடம்கூடத் தெரியாது. கண்மாய் என்று ஒரு பள்ளம் இருக்கும், ஒரு கரை இருக்கும், பேர் இருக்கும். அதில் தண்ணீர் வரும் வழி இருக்காது. பிறகு எந்த அரசாங்கம் வந்தாலும், எத்தனை மழை பெய்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. தூசியைக் கழுவிக்கொள்ளலாம், சுவர் விரிசலைப் பூசிக்கொள்ளலாம், இதைத் திருப்பிக்கொள்ள முடியாது. எனக்கு இது பயமாக இருக்கிறது. பயம் என்று எழுதுவதற்கு எனக்கு வெட்கம் இல்லை.

நான் குவாரியை மூடச் சொல்லவில்லை, அதை முதலில் புரிந்துகொள். குவாரி மூடினால் முதலில் அணைவது என் அடுப்பு. இடையில் சில வருடம் மூடிக் கிடந்ததே, அது எப்படி இருந்தது என்று உனக்கு ஹாஸ்டலில் இருந்து பாதிதான் தெரியும். லாரிச் சத்தம் நின்ற முதல் வாரம் ஊருக்கே நல்லாத் தூக்கம் வந்தது. அடுத்த மாதம் யாருக்கும் தூக்கம் வரவில்லை. வயர் மெஷினில் கல் அறுத்துக்கொண்டிருந்த உன் மாமன் திருப்பூரில் போய் பனியன் மூட்டை தூக்கினான். நான் முறுக்குச் சுற்றி மேலூர் பஸ் ஸ்டாண்டில் தட்டில் வைத்து விற்றேன். பஸ் ஜன்னல் உயரத்துக்குக் கையைத் தூக்கித் தூக்கி எனக்குத் தோள்பட்டை போனது அப்போதுதான். உன் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, இனி விவசாயம்தான் என்று வீராப்பாக வயலுக்குப் போனார். போய் என்ன செய்ய. குவாரி மூடியதால் தண்ணீர் வந்துவிடவில்லை. கல்மேட்டை அள்ளிக்கொண்டா மூடினார்கள்? போட்டது போட்டபடி கிடந்தது. திறந்திருந்தாலும் தண்ணீர் இல்லை, மூடினாலும் தண்ணீர் இல்லை என்பதை அந்த வருடங்களில்தான் நாங்கள் பார்த்தோம்.

அதனால்தான் இந்த வாரத்துக்காகத் தவிக்கிறேன். குவாரி நடக்கட்டும், ஆட்களுக்குச் சோறு வேண்டும், எனக்கும் வேண்டும். ஆனால் மேட்டை நகர்த்து, வரத்துக்காலைத் திற, அப்புறம் உன் இருபது வருடத்தை வாங்கிக்கொள் என்று கேட்க இதுதான் நேரம். இந்த ஒரு வாரம்தான் அவர்களுக்கு நாம் வேண்டும். கம்பெனி மேனேஜர் நேற்று மெஸ்ஸுக்குள் வந்து, "அம்மா நல்லாருக்கீங்களா" என்று கேட்டுவிட்டுப் போகிறார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்ததே கிடையாது. வியாழக்கிழமை தாண்டினால் திரும்பவும் பார்க்க மாட்டார். கண்மாய் பாழாகிவிட்டது என்று அறிக்கையில் இருந்தால் அதிகாரி மேட்டை நகர்த்தச் சொல்லியே ஆக வேண்டும். அழியவில்லை என்று இருந்தால் அவர் எதற்காகச் சொல்ல வேண்டும்?

நான் சும்மா இருக்கவில்லை. கிளார்க்கிடம் சொன்னேன். "மதினி, அவுக படிச்சவுக, அவுகளுக்குத் தெரியாதா, சொல்லுக்குச் சொல்லு பாத்துக்கிட்டு" என்று போண்டா தின்ற கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நோட்டீஸ் ஒட்ட வந்த அதிகாரி ஒருவரை மறித்து நிறுத்தி விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "தமிழுக்குத் தமிழ்ல என்னம்மா விளக்கம், அன்னைக்குப் பேசுங்க, ஆளுக்கு ரெண்டு நிமிசம் மைக் குடுப்பாங்க" என்றார். மகளிர் குழுப் பெண்களிடம் சொன்னேன். அவர்களுக்குப் புரிகிற மாதிரி இருந்தது. பிறகு ஒருத்தி, "அக்கா, ஒங்க மகன் எழுதுனதுதான, நமக்குக் கெடுதலா எழுதுமா அந்தத் தம்பி?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உன் அப்பாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தா பாரு, நம்ம புள்ள எழுதுனதுல நீ குத்தம் கண்டுபிடிக்கிறயா? ஊரே கொண்டாடுது, ஒனக்கு மட்டும் எரியுதா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அவர் கேட் பக்கம் போகிற ஒவ்வொரு டிரைவரையும் நிறுத்தி, புத்தகம் எழுதியது என் மகன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை நடக்கப்போவது எனக்குக் கண் முன்னால் தெரிகிறது. அதிகாரி மைக்கில் கேட்பார், கண்மாய் அழியவில்லை என்று ஊரார் சொன்னதாக இருக்கிறது, சரிதானே? ஊர் முழுக்க எழுந்து நின்று, "ஆமாங்கய்யா, அழியல" என்று சொல்லும். சில பேர் வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள், "அழியவே இல்லீங்கய்யா, எத்தனையோ வருசமாச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வார்கள். ஆபீசில் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். வீடியோவும் எடுப்பார்களாம். தங்கள் குறையைத் தாங்களே சொல்லி, அதனாலேயே கண்மாயைக் காவு கொடுக்கப் போகிறார்கள், அது தெரியாமல் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று தோன்றும். 

கிளார்க் வந்து வாசித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? நான் முழுதும் சொல்லி முடித்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாய். "அம்மா, அது ஆபீஸ் தமிழ். சப்மிட் பண்ணியாச்சு. இப்பப் போயி மாத்துனா எந்தலைதான் உருளும். ஆவணியில கல்யாணத்த வச்சுக்கிட்டு வேலைய விடச் சொல்றியா?" நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "கேட்டா ஆமான்னு சொல்லிட்டு வாங்கம்மா, விடுங்க" என்றாய். போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. பழங்காநத்தத்துச் சம்பந்தி வீட்டில் உன் வேலையைப் பார்த்துத்தான் பெண் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஹார்டுவேர் கடைக்காரர் உன் விசிட்டிங் கார்டைக் கல்லாவுக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறாராம். அந்தப் பெண் முகம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இந்தக் கல்யாணம் நின்றுபோனால் என் நெஞ்சு தாங்காது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

இந்த இடத்தில், வளர்த்த விதத்தில் என் மேல்தான் தப்பு என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். உன்னை நல்லபடியாகத்தான் வளர்த்தேன். ஊரைப் பற்றிச் சொல்லித்தான் வளர்த்தேன். நாலாம் வகுப்பு படிக்கும்போது, உன் அப்பா ஊத்தாவுக்குள் அகப்பட்ட விராலை நீ இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்தாய். அது நழுவி அடுத்தவர் வலைக்குள் போனதும் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாய். உன் மாமன் தன் மீனை உன் சட்டைக்குள் போட்டான். அது துள்ளத் துள்ள நீ வீடு வரைக்கும் ஓடி வந்தாய். அதெல்லாம் சின்ன வயது, மறந்திருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். ஹாஸ்டல், கம்ப்யூட்டர், இங்கிலீஷ் அறிக்கை என்று எத்தனையோ உள்ளே போகும்போது ஊர்ச் சொல் ஒன்று வெளியே விழுந்திருக்கும். பரவாயில்லை, யாருக்கும் நடப்பது. இப்படித்தான் இந்த நாலு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆனால் இப்போது எழுதும்போதே கை நிற்கிறது. கடைசியாகக் கண்மாய் அழிந்தபோது நீ காலேஜில் இருந்தாய். ஹாஸ்டலில் இருந்து கூடப் படிக்கிற பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தாய். வந்து இறங்கியதும் நீ என்னிடம் சொன்னாய், நினைத்துப் பார். "எங்க ஊர்ல நாளைக்குக் கம்மா அழியுது, வாங்கடான்னு கூப்டேன்மா. இவனுக எல்லாம் பதறிப்போயி, அய்யய்யோ, கரை ஒடஞ்சுருச்சாடான்னு கேக்குறானுக." அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சாப்பிடும்போதும் சிரித்தாய். வெளியூர்க்காரனுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று இந்த ஊரிலேயே முதலில் கண்டுபிடித்தவன் நீதான். நீதான் எங்களுக்கே சொன்னாய். எனக்கு அந்த வேறுபாடு தெரிந்ததே உன்னால்தான். நான் பேப்பர் படிப்பதால் தெரிந்துகொண்டேன் என்று மேலே பெருமையாக எழுதிவிட்டேன், அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஆக உனக்குத் தெரியும். அந்தச் சென்னைப் பெண்ணுக்குத் தெரியாது, உன் மேலாளருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அம்மா சொன்ன வாக்கியத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், பொய் என்று யாரும் விரல் நீட்ட முடியாதபடி, அப்படியே எடுத்து வைத்திருக்கிறாய். யாராவது உன்னை நெருக்கினார்களா? மேலாளர் சொன்னாரா? இல்லை, அவர் கேட்பதற்கு முன்னாலேயே நீயாகக் கொண்டுபோய்க் கொடுத்தாயா? எதுவானாலும் எனக்குச் சொல். திட்ட மாட்டேன். திட்டுகிற தெம்பு எனக்கு இல்லை, தம்பி. நான் உன்னைக் கெஞ்சத்தான் செய்கிறேன். என் வயதுக்கு யாரிடமும் கெஞ்சியது கிடையாது, பஸ் ஜன்னலில் முறுக்கு விற்றபோதுகூட ஒருத்தரிடமும் கெஞ்சவில்லை.

உன் வேலையை விடச் சொல்லவில்லை. வியாழக்கிழமை பந்தலுக்கு வா. அறிக்கை எழுதியவர்கள் வரலாம், விளக்கம் சொல்லலாம் என்று அந்த நோட்டீஸிலேயே போட்டிருக்கிறது. எழுந்து நின்று, இந்த ஊரில் அழிவது என்றால் இது, அறிக்கையில் அழிவது என்றால் அது, மொழிபெயர்ப்பில் தவறிவிட்டது என்று சொல். தவறு என்றே சொல், வேண்டுமென்றே செய்தது என்று யாரும் உன்னைச் சொல்லச் சொல்லவில்லை, நானும் சாகிற வரைக்கும் வாய் திறக்க மாட்டேன். உன் அப்பாவுக்குக்கூடச் சொல்ல மாட்டேன். நீ சொன்னால் ஊர் நம்பும், நம்ம பிள்ளை சொல்கிறான் என்று நம்பும். நீ சொன்னால் அதிகாரியும் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் எழுதியவன் நீ. இரண்டு பக்கமும் நம்புகிற ஆள் நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

நான் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் ஊத்தா, வலை, மீன், துண்டு வீசுவது என்று தொடங்கினால், மெஸ்காரம்மா மீன் கதை சொல்கிறது என்று சிரிப்பார்கள், மைக்கை வாங்கிவிடுவார்கள். கதை சொல்ல எனக்கு நேரம் இருக்காது, ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் இருக்கும். அந்த வாக்கியம் ஆபீசுக்குப் புரிகிற வாக்கியமாக இருக்க வேண்டும். அதனால் நான் எழுந்து, கண்மாய் அழிந்துவிட்டது ஐயா என்று சொல்லப் போகிறேன். அதிகாரி கேட்பார், அன்றைக்கு அழியவில்லை என்றீர்கள், பதிவாகி இருக்கிறது, இன்றைக்கு மாற்றிப் பேசுகிறீர்களே என்று. ஊர் அதைவிட மோசமாகக் கேட்கும். எப்போது அழிந்தது, எந்த வருடம் அழிந்தது, யார் வீட்டில் மீன் குழம்பு வைத்தீர்கள், எதற்கு இத்தனை பேர் முன்னால் பொய் சொல்கிறாய் என்று என் பக்கத்து வீட்டுக்காரியே கேட்பாள். உன் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். கேட்கட்டும். நான் திரும்பவும் அதையேதான் சொல்வேன். பிறந்ததிலிருந்து கூட இருக்கிற ஜனத்துக்கு முன்னால், அவர்கள் எல்லாருக்கும் பொய் என்று தெரிந்த ஒன்றைச் சத்தமாகச் சொல்லிவிட்டு நிற்பேன். அது பொய் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்த நேரம் ஆனையூரில் ரூமுக்குள் உட்கார்ந்திருப்பான்.